மழையில் நின்ற 24 வோல்ட் லாரி: செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலை, நாலு ஃபால்ட் கோடு

பாயாஜி லாரி:

அண்ணன்மாருக்கு வணக்கம். பத்து வீல் ஜப்பான் லாரி, ஆறு சிலிண்டர், டென்சோ காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போற வகை), 24 வோல்ட். பர்மாவுல மோல்மேன் ஊருக்கு லோடு. சிட்டாங் பாலத்துக்கு முன்னாடி நல்ல மழையில ஓடிக்கிட்டே இருந்த இன்ஜின் சட்டுனு நின்னுருச்சு. திணறல் இல்லை, இழுவை குறையலை, சாவியை ஆஃப் பண்ணின மாதிரி நின்னது. கட்டி இழுத்துப் பாயாஜி கொண்டாந்துட்டோம்.

செல்ஃப் நல்லா சுத்துது. சைலன்சர்ல புகை துளிகூட இல்லை. சுத்தும்போது ஆர்பிஎம் முள் அசையவே மாட்டேங்குது. செக் லைட் எரியுது. ஸ்கேனர்ல வந்த ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) நாலு: பி0335, பி0192, பி0237, பி2122.

முதல் கோடைப் பார்த்துட்டு சயா (மெக்கானிக்) கிராங்க் சென்சார்னு சொன்னார், இன்ஜின் சுத்துறதை உணர்ற சென்சார். ரங்கூன்ல பழசு ஒண்ணு வாங்கிப் போட்டாச்சு, அதே கதை. இப்ப ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) போயிருச்சு, பழசு தேடுங்கன்னு பேச்சு. காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பார்க்க வழி இருக்கா? எந்த இடத்துல எத்தனை வோல்ட் வரணும்? டிஜிட்டல் மீட்டர் இருக்கு. ஸ்கோப் (சிக்னலை அலையாக் காட்டுற கருவி) கிடையாது.


ரங்கூன் ஆட்டோ வயரிங்:

ஈசிஎம் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க தம்பி. நாலு கோடையும் சேர்த்து வச்சுப் படிங்க.

பி0192 ரயில் பிரஷர் சென்சார் வோல்ட் குறைவு. பி0237 டர்போ பூஸ்ட் சென்சார் வோல்ட் குறைவு. பி2122 ஆக்ஸிலரேட்டர் பெடலின் முதல் சென்சார் வோல்ட் குறைவு. பி0335 கிராங்க் சிக்னல் கோளாறு. நாலு சென்சாரும் ஒரே மழையில, ஒரே நிமிஷத்துல சாகாது. நாலுக்கும் பொதுவா ஒண்ணு செத்திருக்கு. அது ஈசிஎம் வெளியே கொடுக்கிற 5 வோல்ட் லைன்.

இந்தச் சென்சார்களுக்குப் பேட்டரியின் 24 வோல்ட் நேராகப் போகாது. ஈசிஎம் தனக்குள்ளே 5 வோல்ட் தயாரித்து ஒரே வயரில் அனுப்பும், அது ஹார்னஸுக்குள், அதாவது வயர்க்கட்டுக்குள், பிரிந்து பல சென்சாருக்குப் போகும். அதில் ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும், வயர் ஒரு இடத்தில் உரசி எர்த்தைத் தொட்டாலும், மொத்த லைனும் படுத்துவிடும். அந்த லைனில் இருக்கிற எல்லாச் சென்சாரும் சாட்சி சொல்ற மாதிரி “குறைவு, குறைவு” என்றுதான் கோடு போடும்.

இன்னொரு தடயமும் உங்க லிஸ்டிலேயே இருக்கு. பெடலில் சென்சார் இரண்டு, பெரும்பாலும் இரண்டுக்கும் தனித்தனி 5 வோல்ட் லைன். உங்களுக்கு பி2122 மட்டும் வந்திருக்கு, இரண்டாவது சென்சாருக்கான பி2127 வரலை. அப்படின்னா இரண்டாவது லைன் உயிரோட இருக்கு. ஈசிஎம் முழுசா செத்திருந்தா ஸ்கேனரோடு பேசியே இருக்காது.

ஒரு கேள்வி: உங்க கிராங்க் சென்சாரில் வயர் இரண்டா மூன்றா? மூன்று என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். இரண்டு என்றால் அது வெறும் காயில், 5 வோல்ட் தேவையில்லாத சாதனம். அப்போ பி0335-ஐத் தனிக் கோளாறாப் பார்க்கணும்.

அளக்க வேண்டியது இந்த வரிசையில்.

முதலில் பேட்டரி. செல்ஃப் சுத்துதுங்கிறதுக்காக இதைத் தாண்டிப் போகாதீங்க. ஓய்வில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் இருக்கணும். தனித்தனியாவும் அளங்க, ரேடியோ, போன் சார்ஜருக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால் அந்தப் பேட்டரி மட்டும் வற்றிப் போயிருக்கும், நம்ம ஊர் லாரியில் பாதி இப்படித்தான். செல்ஃப் அடிக்கும்போது 18, 19-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றுங்க. அந்த நேரத்தில் ஈசிஎம் அணைந்து எரிந்தால் இல்லாத கோடெல்லாம் வரும்.

அடுத்து எர்த். மீட்டரை டிசி வோல்ட்டில் வச்சு, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் சிவப்பை ஈசிஎம் எர்த் பின்னிலும் வைங்க. செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும். ஓம் வச்சு எர்த் பார்க்கிறதில் பலனில்லை. ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் மீட்டர் நல்லா இருக்குன்னே காட்டும்.

மூன்றாவது ரயில் பிரஷர் சென்சார். கனெக்டரைக் கழற்றாமலே பின்பக்க ரப்பர் வழியா மெல்லிய ஊசியை நுழைச்சு, சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் மூன்று பின்னையும் அளங்க. ஒன்றில் 4.9 முதல் 5.1 வரை, ஒன்றில் 0, சிக்னலில் சுமார் 1.0 வோல்ட். டென்சோவில் அழுத்தமே இல்லாதபோது 1.0 வரும். பாஷ் கம்பெனி சென்சார் என்றால் 0.5.

வயர் தோலைக் குத்தி அளக்காதீங்க. அந்த ஓட்டை வழியா மழைத் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, ஆறு மாசம் கழிச்சு இதே மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். பல்ப் வச்ச டெஸ்டரையும் சென்சார் வயரில் வைக்கக் கூடாது. அது இழுக்கிற கரண்டை அந்த 5 வோல்ட் சர்க்யூட் தாங்காது.


மோல்மேன் டீசல்:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனா கிராங்க் சென்சாரை அதுக்குள்ள விடுதலை பண்ண வேண்டாம். போட்டது பழைய சென்சார். பழசு மாத்தியும் சரியாகலைன்னா சென்சார் குற்றமில்லைன்னு அர்த்தம் ஆகாது, வாங்கினதும் கெட்டதா இருக்கலாம்.

இரண்டு வயர் என்றால்: கனெக்டரைக் கழற்றி ஓம் அளங்க. மாடலைப் பொறுத்துச் சில நூறு ஓம் முதல் 2,000 ஓம் வரை எதுவானாலும் காயில் அறுபடலை. ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே திறந்தே இருக்கணும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வச்சு செல்ஃப் அடிச்சா அரை வோல்ட்டுக்குக் குறையாம வரணும். ஒண்ணுமே வரலைன்னா இடைவெளியைப் பாருங்க. சென்சார் முனைக்கும் ஃப்ளைவீல் பல்லுக்கும் நடுவே சுமார் 1 மில்லி மீட்டர்தான். முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தாலும் சிக்னல் மங்கும். இரண்டு வயரை மாற்றி ஜாயின் பண்ணிட்டா சிக்னல் வரும், ஆனா தலைகீழா வரும். ஈசிஎம் பல் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம கோடு போடும். பழைய கனெக்டரை வெட்டி ஒட்டின வண்டியில் இதை அவசியம் சந்தேகப்படணும்.

மூன்று வயர் என்றால் ஓம் அளக்கவே வேண்டாம். உள்ளே ஐசி இருக்கு, மீட்டர் காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. 5 வோல்ட்டும் எர்த்தும் வருதான்னு பாருங்க. வந்தால், சிக்னல் பின்னில் டிசி வச்சு, இன்ஜினைப் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்புங்க. பல் ஒவ்வொன்றும் தாண்டும்போது 0-க்கும் 5-க்கும் தாவணும். சாதா மீட்டர் செல்ஃப் வேகத்துக்கு ஓடிப் பிடிக்காது, நடுவில் 2.5 என்று சராசரி காட்டும். கையால் திருப்பினால்தான் தெரியும்.

டீசல் பக்கம் எல்லோரும் ஓடுவாங்க, இப்போ ஓட வேண்டாம். புகையே இல்லை, ஆர்பிஎம் முள்ளும் அசையலை என்றால் இன்ஜின் சுத்துறதே ஈசிஎம்முக்குத் தெரியலை. தெரியாம இன்ஜெக்டரைத் திறக்காது. பம்பு, ஃபில்டர், இன்ஜெக்டர் எதை மாத்தினாலும் பிடிக்காது. ஸ்கேனரில் லைவ் டேட்டா வருதுன்னா செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்க, முள்ளைவிட அது நம்பகமானது. 150-க்கு மேல் காட்டினால்தான் மற்றப் பேச்சு.

முக்கியமா ஒண்ணு. டீசல் வருதான்னு பார்க்க யாராவது இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணச் சொன்னா கேட்காதீங்க. பழைய லைன் பம்புக்குச் செய்த வேலை அது. காமன் ரயில் ஓட்டத்தில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், செல்ஃப் அடிக்கிறபோதே நூற்றுக்கணக்கில் இருக்கும். ஊசிமுனைப் பீச்சல் தோலைத் துளைச்சு உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அறுவை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடும்.


பாயாஜி லாரி:

அளந்து பார்த்தாச்சு.

பேட்டரி 12.7, 12.5. செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 20.4. எர்த் 0.08. கிராங்க் சென்சார் மூணு வயர்.

ரயில் சென்சார்: 5 வோல்ட் வரவேண்டிய பின்ல 0.3. சிக்னல்ல 0. எர்த் பின் சரி.

கிராங்க் சென்சார்லயும் அதே 0.3.

ரயில் சென்சார் கனெக்டரைக் கழற்றிட்டுப் பார்த்தேன், 0.3-தான். பூஸ்ட் சென்சாரைக் கழற்றினேன், அப்பவும் 0.3. இனி ஈசிஎம்தானோ? நெட்ல கிடைச்ச படத்துல வயர் கலர் வேற மாதிரி இருக்கு, எந்தப் பின் எதுன்னு குழப்பமா இருக்கு.


ரங்கூன் ஆட்டோ வயரிங்:

0.3 கிடைச்சதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஈசிஎம்முக்கு இன்னும் தண்டனை கொடுக்க வேண்டாம்.

முதலில் படம். நெட்டில் எளிதாகக் கிடைப்பது வேற நாட்டுக்குப் போன, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் படமா இருக்கும். நம்மிடம் இருப்பது ஜப்பான் உள்ளூர் வண்டி, வலப்பக்க ஸ்டியரிங். இன்ஜின் பெயர் ஒன்றே ஆனாலும் ஹார்னஸ் வேற, வயர் நிறமும் பின் எண்ணும் ஒத்துப்போகாது. அந்தப் படத்தை நம்பி ஈசிஎம் பின்னில் 24 வோல்ட் கொடுத்துத் தொலைக்காதீங்க. ரயில் சென்சாரில் 0.3 காட்டின வயரின் நிறத்தைக் குறிச்சுக்கிட்டு, அதையே பின்தொடர்ந்து போங்க.

நீங்க கழற்றின முறையில் ஒரு ஓட்டை இருக்கு. பல ஈசிஎம்கள் 5 வோல்ட் ஷார்ட்டைக் கண்டதும் அந்த லைனை மூடிவிடும். ஷார்ட் போன பிறகும் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் வரை திறக்காது. சாவியை ஆனிலேயே வச்சுக் கழற்றினால் சரியான சென்சாரைக் கழற்றியிருந்தாலும் 0.3-ஐத்தான் பார்ப்பீங்க. ஆகவே ஒவ்வொரு தடவையும் சாவி ஆஃப், அரை நிமிஷம் பொறுத்து ஒன்றைக் கழற்றி, சாவி ஆன், அளவு. கழற்றினதைத் திரும்ப மாட்டாமலே அடுத்ததுக்குப் போங்க. ஒரே நேரத்தில் இரண்டு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தாலும் அப்போதான் பிடிபடும்.

கழற்ற வேண்டியவை: ரயில், பூஸ்ட், கிராங்க், கேம், இருந்தால் ஆயில் பிரஷர் சென்சார், ஈஜிஆர் வால்வின் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்புவது) பொசிஷன் சென்சார், வேரியபிள் டர்போ என்றால் அதன் பொசிஷன் சென்சார், கடைசியா கேபினுக்குள் பெடல். எல்லோரும் மறந்துபோவது ஈஜிஆரை. சூட்டிலும் கரியிலும் கிடந்து முதலில் சாவது அதுதான்.

ஏதாவது ஒன்றைக் கழற்றியதும் 5.0 எழுந்தால் அதுவே குற்றவாளி. கனெக்டர் உள்ளே பச்சை பூத்திருக்கான்னும் பாருங்க, சென்சார் நல்லாவே இருந்து தண்ணீர் மட்டும் பாலம் போட்டிருக்கலாம்.

எல்லாம் கழற்றியும் எழலைன்னா பேட்டரி மைனஸைக் கழற்றிட்டு, ஈசிஎம்மில் இன்ஜின் ஹார்னஸ் கனெக்டரையும் கழற்றுங்க. அந்த 5 வோல்ட் வயருக்கும் சேஸிஸுக்கும் ஓம் அளங்க. திறந்தே இருந்தால், அதாவது மீட்டர் ஓஎல் காட்டினால், வயர் நல்லது. அப்போதான் ஈசிஎம்மைச் சந்தேகப்படலாம். சில ஓம் காட்டினால் வயர் எங்கோ உரசியிருக்கு. மீட்டரை மாட்டியபடியே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஹார்னஸைச் சாண் சாணா ஆட்டிக்கொண்டு போகணும். எண் துள்ளுகிற இடம்தான் இடம்.

உரசுகிற இடங்கள் பழக்கப்பட்டவைதான்: கேபின் தூக்கும்போது மடியும் இடம், செல்ஃப் மோட்டாருக்கு மேலே, ஃப்ளைவீல் ஹவுசிங்கின் தூக்குக் கொக்கி, ஈஜிஆர் குழாய்ப் பிடிப்பு. கிளிப் உடைந்து ஹார்னஸ் தொங்கினால் கருப்பு நெளிக்குழாயே வயருக்கு அரம் ஆகிவிடும்.


பெகு பாடி கட்டுறவர்:

ஒண்ணு மட்டும். இந்த லாரியில சமீபத்துல பாடியிலோ ஃபிரேமிலோ வெல்டிங் நடந்ததா? பேட்டரி வயரைக் கழற்றாம வெல்டு வச்சா ஈசிஎம் உள்ளே அடிபடும், ஹார்னஸ்மேல தீப்பொறி விழுந்து குழாய் உருகும். வெல்டிங்குக்கு முன்னாடி இரண்டு பேட்டரியும், முடிஞ்சா ஈசிஎம் கனெக்டரும் கழற்றணும். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற இடத்துக்கு ஒரு முழத்துக்குள்ளே போடணும், இன்ஜின்மேல போடக்கூடாது.


பாயாஜி லாரி:

வெல்டிங் எதுவும் இல்லண்ணே.

சாவியை ஆஃப் பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். பெடல் வரைக்கும் எல்லாம் கழற்றியும் 0.3. ஈசிஎம் கனெக்டர் கழற்றி ஓம் அளந்தா 6. ஹார்னஸை ஆட்டிக்கிட்டே போனதுல இன்ஜின் பின்னாடி, ஹவுசிங் கொக்கிக்கிட்ட ஓஎல்-க்குத் தாவுது. குழாயைப் பிரிச்சோம். கிளிப் இல்லை. மூணு வயர் தோல் போயிருக்கு, அதுல ஒண்ணு அந்த 5 வோல்ட் வயர், கொக்கி முனையில செம்பு பளபளன்னு தேஞ்சிருக்கு. மழைத் தண்ணியும் சேறும் சேர்ந்து மிச்ச வேலையைப் பண்ணியிருக்கு.

அதை விலக்கி வச்சுட்டு எல்லாத்தையும் மாட்டிப் பார்த்தா ரயில் சென்சார்ல 5.02, சிக்னல்ல 1.01. செல்ஃப் அடிச்சா ஆர்பிஎம் முள் அசையுது! ஆனா இன்னும் பிடிக்கலை. புகை கொஞ்சம் வருது.


மோல்மேன் டீசல்:

இப்பதான் டீசல் பக்கம் போகணும். பழுது தேடின நேரத்தில் யாராவது ஃபில்டரைக் கழற்றியிருப்பாங்க, காற்று ஏறியிருக்கும்.

ரயில் சென்சார் சிக்னல் பின்னில் மீட்டரை வச்சு செல்ஃப் அடிங்க. 1.0-இல் இருந்து 1.3-க்கு மேல் ஏறணும். டென்சோவின் 200 எம்பிஏ (மெகாபாஸ்கல், அழுத்த அளவு) வகைச் சென்சாரில் 1.3 என்றால் சுமார் 200 பார். அந்த அளவு வராம பெரும்பாலான காமன் ரயில் இன்ஜின்களில் ஈசிஎம் இன்ஜெக்டரைச் சரியாத் திறக்காது. ஐடிலில் ஓடும்போது 1.5, 1.6 பக்கம் நிற்கும்.

1.1-லேயே நின்றால் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை அழுத்தமா ஆகும் வரை அடிங்க, காற்றுத் திருகைத் திறந்து குமிழ் இல்லாத டீசல் வரும் வரை விடுங்க. ஃபில்டர் அடியில் தண்ணீரை வடிங்க. வழியில் டிரம்மிலிருந்து ஊற்றின டீசல் என்றால் ஒரு கிளாஸ் பாட்டிலில் பிடிச்சுப் பத்து நிமிஷம் வச்சுப் பாருங்க, தண்ணீர் அடியில் தனியா நிற்கும். செல்ஃபை ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்காதீங்க, நடுவில் ஒரு நிமிஷம் ஆறவிடுங்க.

அப்பவும் ஏறலைன்னா பம்பின் எஸ்சிவி வால்வு (பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடுவது), இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல்) என்று போகலாம். ஒரு இன்ஜெக்டர் மட்டும் மற்றதைவிட ரொம்ப அதிகமா ரிட்டர்ன் விட்டால், செல்ஃப் வேகத்தில் ரயில் நிறையவே நிறையாது.


பாயாஜி லாரி:

பிடிச்சிருச்சு! ஃபில்டரைக் கழற்றினது உண்மைதான், சயாவோட பையன். அறுபது எழுபது தடவை கை பம்ப் அடிச்சு, மூணாவது செல்ஃப்ல வந்திருச்சு. ஐடில்ல 1.55 நிக்குது.

வயரை இப்ப இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருக்கேன். மோல்மேன் போய்ட்டு வந்து சரி பண்ணினாப் போதுமா?


ரங்கூன் ஆட்டோ வயரிங்:

போதாது. இன்ஜின் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி வழியும், தைட்டோன் தாண்டுவதற்குள் பிரிஞ்சுடும். ஒரு மணி நேர வேலை, கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

தோல் போன மூன்று வயரையும் வெட்டுங்க, மூன்றையும் ஒரே இடத்தில் வெட்டாம இரண்டு விரல் தள்ளித் தள்ளி. அப்போதான் ஜாயின்ட் ஒன்றோடொன்று இடிக்காது, ஹார்னஸும் முடிச்சு மாதிரி தடிக்காது. செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்று வரும் வரை பின்னுக்கு வெட்டி, அதே தடிமனில் புது வயர்த்துண்டு போடுங்க. ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய்யலாம், சால்டரும் செய்யலாம். சால்டர் என்றால் ஜாயின்டுக்கு இருபுறமும் வயர் ஆடாமப் பிடிப்பு வேணும், இல்லைன்னா ஈயம் முடியுற இடத்தில் முறியும். அதுக்குமேல உள்பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க், ஓரத்தில் பசை பிதுங்கும் வரை சூடு காட்டணும். கிராங்க் சென்சார் வயரைச் சுற்றி வலை மாதிரி ஷீல்டு இருந்தால் அதையும் தொடர்ச்சியா ஜாயின் பண்ணுங்க. ஷீல்டுக்கு எர்த் ஈசிஎம் பக்கம் ஒன்றுதான், ஹவுசிங்கில் புதுசா ஒரு எர்த் கொடுத்திடாதீங்க.

கொக்கி முனையை அரம் போட்டு மழுக்கி, ஹார்னஸுக்கும் அதுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி ரப்பர் வச்ச கிளாம்ப் போடுங்க. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வு விடணும்.

கழற்றின கனெக்டர் எல்லாம் “டிக்” என்று பூட்டுதான்னு கையால் இழுத்துப் பாருங்க. கோடை அழிச்சிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி படிங்க. பெடல் கோடு திரும்ப வந்தால் கழற்றி மாட்டினதில் பின் வளைஞ்சிருக்கும், அங்கே பாருங்க. முதலில் கழற்றிப் போட்ட கிராங்க் சென்சாரைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். அது நல்ல சென்சார், துடைச்சு ஸ்பேரா வண்டியிலேயே வைங்க.